கணினியில் ஒரு கூத்து: குணமும் குற்றமும்

தாம் தாமாக இருப்பதோடு அமையாது, பிறராக மாறிநின்று உலகைப் பார்க்கும் வேட்கை மாந்தர்க்கு இயல்பாய் அமைந்ததொன்று. சிற்றில் இழைத்துச் சிறுசோறு அட்டு, மரப்பாவைக்குத் தாயாகும் சிறுமியிடத்தும் அது காணப்படும். அரிதாரம் பூசி அரசனாகும் கூத்தனிடத்தும் அது காணப்படும். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே மாசித் திங்களிற் கம்பம் நட்டு, விரதங் காத்து, தப்பு முழங்கக் காமன் கூத்தாடும் இளைஞன், பகலிற் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையிலே இரவிற் கரும்பு வில்லை ஏந்துகின்றான். அவ்விரவில் அவன் தோட்டத்துப் பேரேட்டில் எழுதப்பட்ட ஓர் எண் அல்லன், மன்மதன்.

இவ்வேட்கை இக்காலத்திற் கணினியினுள்ளும் புகுந்துள்ளது. ஆடுவோன் ஒரு பாத்திரத்தைத் தானே படைத்து, அதன் பிறப்பும் தொழிலும் பண்பும் வகுத்து, அதன் வாயாற் பேசி, அதன் காலால் நடந்து ஒரு நெடுங்கதையை முடிவுவரை கொண்டு செல்லும் விளையாட்டுகளைப் பாத்திரமேற்கும் விளையாட்டுகள் என்பர். நம் மாணவர் பலர் இவற்றில் மூழ்கியுள்ளனர். ஆசிரியரோ பெரும்பாலும் இவற்றை வெறும் வெட்டும் குத்தும் எனத் தள்ளிவிடுகின்றனர். படியாது ஒரு நூலைத் தள்ளுதல் எவ்வாறு முறையன்றோ, அவ்வாறே பாராது இதனைத் தள்ளுதலும் முறையன்று. குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதி எதுவெனக் கண்டு முடிவு செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி பற்றி ஒரு விளையாட்டை ஈண்டு எடுத்து நோக்குவாம்.

தோற்றுவாய்

இவ்வகை விளையாட்டிற்குக் கணினி மூலமன்று. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை சொல்வர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாய் விடையிறுப்பர். ஐயமான செயலின் வெற்றி தோல்வியைக் கவறு உருட்டித் துணிவர். கவறும் கதையும் நமக்குப் புதியன அல்லவே! பின்னர் இம்முறை கணினிக்கு ஏறிற்று. 1998 இல் ‘பால்டர்ஸ் கேற்’, 1999 இல் ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்’ என்பன தோன்றிப் புகழெய்தின. மேலிருந்து நோக்கும் ஓவியக் களம், ஓர் ஆறுபேர் கொண்ட குழு, பக்கம் பக்கமாய் உரையாடல் என்பவை அவற்றின் இலக்கணம். நாளடைவில் கண்ணைப் பறிக்கும் காட்சிக்கே மதிப்பு மிக, இந்த எழுத்து மிகுந்த மரபு மங்கிற்று.

மங்கிய மரபை மீட்க முனைந்தோர் கலிபோர்னியாவிலுள்ள ஒப்சிடியன் நிறுவனத்தார். 2012 ஆம் ஆண்டு அவர்கள் வணிகரை நாடாது வாசகரையே நாடினர். எழுபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்பணம் உதவ, ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் திரண்டது. நம் நாட்டிற் சிற்றிதழாளர் சந்தா திரட்டி நூல் பதிப்பித்த முறையே இது, தொகைதான் வேறு. அவ்வாறு பிறந்து 2015 மார்ச்சில் வெளிவந்ததே ‘பில்லர்ஸ் ஒஃப் எற்றேனிற்றி’. நித்தியத்தின் தூண்கள் எனத் தமிழில் அதனைக் கூறலாம். 2018 இல் இதற்குத் தொடர்ச்சியும் வந்தது. முதல் நூலையே யாம் எடுத்துக்கொள்கின்றோம்.

கதையின் வித்து

டயர்வுட் என்பது ஒரு புனைவு நாடு. அதிலுள்ள ஒரு சிற்றூரின் தலைவனாகிய ரேட்ரிக், வந்து குடியேறுவோர்க்கு நிலம் தருவதாய்ப் பறைசாற்றுகின்றான். அச்சொல்லை நம்பிப் புறப்பட்ட வண்டிக் கூட்டத்துள் ஒருவனாகவோ ஒருத்தியாகவோ நாம் கதையிற் புகுகின்றோம். வழியிலேயே நோய் பற்றுகின்றது. அந்நிலத்தின் தொல்குடியினர் தாக்குகின்றனர். ஆன்மாவைப் பறிக்கும் சூறைக்காற்று உடன்வந்தோரை அழிக்கின்றது. தப்பிப் பிழைத்து ஊரை அடைந்தால், நம்மை எதிர்கொள்வது நிலமன்று. பிணங்கள் தொங்கும் ஒரு பெருமரம். ஏனெனின், அந்நாட்டிற் பிறக்கும் குழந்தைகள் ஆன்மா இன்றிப் பிறக்கின்றன. கண் திறந்திருக்கும், காட்சி இராது. உடல் வளரும், உணர்வு தோன்றாது. அத்துயரின் பழியை எவர் தலையிலேனும் சுமத்தத் துடிக்கின்றது அதிகாரம்.

ஊவாத் தோட்டத்தார் வழியில் வந்த ஒருவர் இத்தொடக்கத்தை வாளா வாசித்துச் செல்லுதல் இயலாது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற சொல்லை நம்பிக் கடல் கடந்தோர் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவரல்லமோ நாம்? மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோரும், வழியிற் பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோரும், பின்னும் மலையேறி ஊவாவை அடைந்தோரும் கண்டது என்ன? பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924 இல்தான். அதற்கு முன் இறுதிக் கட்டத்தைக் காலே கடந்தது. இங்கே அவர்களை எதிர்கொண்டவை லயக் காம்பராவும், துண்டும், பிரட்டுக் களமும், கங்காணியின் கடன் கணக்குமே. கலிபோர்னியத்து எழுத்தாளர் ஊவாவை எண்ணி இதனை எழுதினாரல்லர். ஆயினும் பொய்யான அழைப்பும், அதை நம்பி நடந்த கால்களும் உலகெங்கும் ஒன்றே. ஒரு கதையின் முதற்பெருமை, எழுதியோன் அறியாத வாசகன் நெஞ்சிலும் அது வேர்கொள்ளுதல். அப்பெருமை இதற்கு உண்டு.

குணங்கள்

முதற் குணம், இது சொல்லை மதித்தல். பாத்திரங்களின் தோற்றமும், குரலின் நடுக்கமும், கையின் அசைவும் உரைநடையால் வருணிக்கப்படுகின்றன. சில கட்டங்களிற் களமே மறைந்து, பழைய ஏட்டின் பக்கம்போல் ஒரு கோட்டோவியமும் சில வரிகளும் தோன்றும். மதிலைக் கயிறுகொண்டு ஏறுவதா, வாயிற் கதவை உடைப்பதா, சாக்கடை வழி நுழைவதா என வாசித்தே தெளியவேண்டும். வாசிக்காதவன் இவ்வாட்டத்திற் பாதியை இழப்பான்.

இரண்டாவது, இது நாவை எடைபோடுகின்றது. நாம் தேர்ந்துரைக்கும் விடைகள் ஒவ்வொன்றும் நம் பெயரில் ஏறுகின்றன. நேர்மை, கொடுமை, ஈரம், சினம், பொய்ம்மை, அமைதி முதலாகப் பத்து வகைப் பண்புகள் எண்ணப்படுகின்றன. ஓரூரிற் கடுஞ்சொற் கூறியோனை அடுத்த ஊரார் அக்கடுமை அறிந்தே எதிர்கொள்வர். நாவடக்கத்தைப் பாடத்தில் நாம் விரித்துரைக்கின்றோம். இங்கே மாணவன் அதன் பயனைத் தானே நுகர்கின்றான்.

மூன்றாவது, இது கொலையை வருவாயாக்கவில்லை. இவ்வகை ஆட்டங்களிற் பெரும்பான்மையன பகைவரைக் கொன்ற தொகைக்கேற்ப வீரனை உயர்த்தும். அதனால் வழியிற் கண்ட உயிரையெல்லாம் கொல்லும் பழக்கம் ஆடுவோர்க்கு ஏற்படும். இதிலோ உயர்வு பெரும்பாலும் மேற்கொண்ட பணியை முடித்ததற்கே உரியது. ஓர் உயிரினத்தைப் பற்றிய குறிப்பேடு நிறையும்வரை சிறிது மதிப்புண்டு. பின்னர் அதுவும் இல்லை. பேசித் தீர்த்தவனும் போரிட்டுத் தீர்த்தவனும் ஒப்ப உயர்கின்றனர். விளையாட்டின் கணக்கே அறத்தின் பக்கம் சாய்ந்துநிற்பது எளிதிற் காணக்கூடியதன்று.

நான்காவது, துணைவர் படைப்பு. ஈடர் என்னும் வீரனை எடுத்துக்கொள்வோம். ஒரு சமயப் போரில் அவன் தன் நாட்டுக்காகப் போரிட்டான். அவன் தமையனும் அப்போரில் மாண்டான். தமையன் எப்பக்கம் நின்றான் என்பதை அறிய அவன் நம்மோடு வருகின்றான். எதிர்ப்பக்கமே நின்றான் என்று தெரிகின்றது. ஏன் நின்றான் என்பது தெரிவதில்லை. மாண்டோர் தம் காரணத்தை உடன்கொண்டே மாள்கின்றனர். இந்த இடத்தில் எழுத்தாளர் எளிதாய் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கச் செய்து கண்ணீரை வரவழைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமை அவர்தம் அடக்கம். நீண்ட போரைக் கண்ட இந்நாட்டில் இந்த விடையில்லா வினாவோடு வாழும் குடும்பங்கள் உள.

மறுபிறப்பும் ஊழும்

எல்லாவற்றினும் மேலாய்த் தமிழ் கற்றோர் உள்ளத்தை ஈர்ப்பது இக்கதையின் நடுத்தூணாகிய மறுபிறப்புக் கொள்கை. அவ்வுலகில் ஆன்மாக்கள் ஒரு சக்கரத்திற் சுழன்று மீண்டும் மீண்டும் பிறக்கின்றன. சூறைக்காற்றில் தப்பிய கதைத்தலைவனுக்குப் பிறர் ஆன்மாவின் பழம்பிறப்பைக் காணும் ஆற்றல் வாய்க்கின்றது. தன் பழம்பிறப்பும் விழிக்கின்றது. மணிபல்லவத்திற் புத்தபீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்த மணிமேகலையை நாம் உடனே நினைக்கின்றோம். அவளுக்கும் தெய்வம் மந்திரங்கள் அருளிற்று: வேற்றுருக் கொள்ளவும், விசும்பிற் செல்லவும், பசி நீங்கி இருக்கவும். அவளும் பாத்திரம் ஏற்றவளே. காயசண்டிகையின் வடிவு கொண்டு நகரில் உலவியவள். அவ்வேடமே உதயகுமரன் உயிருக்கு உலையாயிற்று. வேடம் புனைதல் விளையாட்டாய் முடியாது என்பதைச் சாத்தனார் அன்றே காட்டிவிட்டார்.

இங்கே ஒரு நுட்பமான வினா எழுகின்றது. முடிவை ஆடுவோனே தேரலாம் எனின், அவலச்சுவை நிற்குமா? காமன் கூத்திலே மதன் எரிவான் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் தோட்டமே கூடி அழுகின்றது. ரதியாய் நின்ற ஆடவன் புலம்புங்கால் பெண்டிர் முந்தானையாற் கண்ணைத் துடைக்கின்றனர். கோவலன் மதுரைக்குச் செல்லாமலிருக்கும் வழியொன்றை இளங்கோ நமக்கு விட்டுவைத்திருப்பின், சிலம்பு காப்பியமாகாது, கணக்காகும். மாற்றவியலாமையே அவலத்தின் உயிர்.

இவ்விளையாட்டின் ஆசிரியர் இதனை உணர்ந்திருக்கின்றனர் என்பதே என் துணிபு. நிகழ்பிறப்பின் செயல்களை நம் கையில் விட்ட அவர்கள், முற்பிறப்பின் செயலை விடவில்லை. முற்பிறப்பில் நாம் தாவோஸ் என்னும் சமயத் தலைவனின் ஆளாயிருந்தோம். தெய்வங்களைப் பற்றிய உண்மையைப் பேசிய இயோவாரா என்னும் பெண்ணின் அழிவிற் பங்குற்றோம். அது நடந்தது நடந்ததே. எதற்காக அவ்வாறு செய்தோம் என்று விடைகூறும் உரிமை மட்டுமே நமக்குண்டு. ஊழ் கட்டிவைத்ததும், கட்டினுள் மனம் கொள்ளும் நிலையும் இவ்வாறு பிரித்துக் காட்டப்பட்டமை மிக அரிய அமைப்பு. இறுதியில், அந்நாட்டார் வணங்கும் தெய்வங்கள் பண்டைய ஓர் இனத்தார் தம் ஆன்மாக்களை ஒன்றாக்கிச் சமைத்தவை என்பதும், குழந்தைகளின் ஆன்மாக்களைக் கவர்ந்தது தாவோஸின் சூழ்ச்சியே என்பதும் வெளிப்படுகின்றன. கவர்ந்த ஆன்மாக்களை என் செய்வது என்ற தேர்வு அப்போது நமக்கு வருகின்றது. அத்தேர்வு கனமுடையதாவதற்குக் காரணம், மாற்றவியலாத ஒன்றை நாம் முன்னரே சுமந்து நிற்பதுதான்.

குற்றங்கள்

குற்றம் கூறாத மதிப்புரை விளம்பரமாகும். எனவே அவற்றையும் நோக்குவோம்.

முதற் குற்றம், பெயர்ப்பெருக்கம். புனைவு உலகொன்றைப் படைப்போர் அதற்கென மொழியும் வரலாறும் படைப்பது இயல்பு. ஆயினும் முதன் மூன்று மணி நேரத்துள் நாடு, குலம், தெய்வம், போர், பேரரசு எனப் புதுச்சொற்களை மூட்டை மூட்டையாய் இறக்குதல் விருந்தினனுக்கு முதற்பந்தியிலேயே அரிசி மூட்டையைக் காட்டுதல் போலும். நல்ல காப்பியம் நாட்டுவளத்தைப் பாடும், நிலப்பதிவேட்டைப் படிக்காது.

இரண்டாவது, இடைச்செருகல். பணமுதவியோர் சிலர்க்குக் கைம்மாறாக அவர்கள் எழுதிய பாத்திரங்களைப் பொற்பெயர்ப் பலகையுடன் ஊர்தோறும் நிறுத்தியுள்ளனர். அவர்தம் ஆன்மாவை நோக்கினால் ஒரு சிறுகதை விரியும். அதற்கும் மூலக்கதைக்கும் ஒட்டில்லை. புதிதாய் வந்தவன் அவற்றையெல்லாம் பொருளுடையன என எண்ணி வாசித்துக் களைப்பான். புரவலர் பெயரைப் பாயிரத்தில் வைத்தல் மரபு. காதைதோறும் வைத்தல் காப்பியத்திற்குக் கேடு.

மூன்றாவது, போர்க்களத்தின் நெரிசல். போரை இடையே நிறுத்தி ஆணையிடும் வசதியுண்டு. எனினும் அறுவரும் பகைவரும் மந்திர ஒளியும் ஒரு வாயிலில் நெருக்குண்ணும்போது யார் யாரை அடிக்கின்றார் என்பதே தோன்றாது. அன்றியும், ஒரே வகைச் சண்டை பலமுறை வந்து கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றது.

நான்காவது, எதிர்த்தலைவன் மறைந்தே நிற்றல். தாவோஸ் ஆழமான பாத்திரம். அவன் பொய்யன் எனினும், பொய்யின்றி மக்கள் வாழமாட்டார் என மெய்யாகவே நம்புகின்றான். அத்தகையோனைக் கதையின் நெடும்பகுதி தொலைவிலேயே வைத்துவிட்டு, இறுதியில் அவனைக்கொண்டு நெடிதுரைக்கச் செய்வது அமைப்புக் குறை.

ஐந்தாவது, நகைச்சுவையின் வறட்சி. ஈடரின் குறும்பு மொழிகள் சில உண்டு. அவையன்றி, இளிவரலும் அச்சமும் மருட்கையும் மிகுந்து நகை மெலிந்துள்ளது. எந்தத் துயரக் கூத்திலும் கோமாளி ஒருவனை வைத்த நம் கூத்தர் மேடையின் இயல்பை நன்கறிந்தோர்.

ஆறாவது, பிறப்பைப் பற்றியது. தொடக்கத்தில் நம் பாத்திரத்தின் பழந்தொழிலைத் தேரும்படி கேட்கின்றனர். பிரபு, அறிஞர் என்பவற்றோடு அடிமை, தொழிலாளி என்பனவும் அவ்வரிசையில் உள. அடிமையாய் இருந்தவனைத் தலைவனாக்கலாம் என்பது பெருமைக்குரியதே. ஆனால் அத்தேர்வு சில உரையாடல்களில் ஓரிரு வரியாய் எட்டிப்பார்த்து மறைந்துவிடுகின்றது. அடிமையாய் வாழ்ந்தவன் ஒரு மாளிகையுட் புகுங்கால் அவன் கால் கூசும்; பிரபுவின் கால் கூசாது. அக்கூச்சத்தை இவ்வாட்டம் அறியவில்லை. பிறப்பும் தொழிலும் ஒரு மனிதனை எத்துணை நெடிது தொடரும் என்பதை அறிய வேண்டுமாயின், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் எச்சத்தைச் சுமந்த மக்களைக் கேட்டல் வேண்டும்.

மொழி என்னும் வாயில்

மேற்கூறியன எல்லாம் வாசிக்கத் தெரிந்தோர்க்கே உரியன. இவ்விளையாட்டு ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் கிடைக்கின்றது, தமிழில் இல்லை. அதன் விளைவைக் கருதுவோம். லுணுகலையிலோ மடுல்சீமையிலோ உள்ள ஒரு தோட்டத்து மாணவன் இதனை ஆடுகின்றான் என வைத்துக்கொள்வோம். உரையாடற் பக்கங்களை அவன் விரைந்து தள்ளிவிடுவான். வாள் வீச்சு மட்டும் அவனிடம் எஞ்சும். ஈடரின் துயரும், தாவோஸின் வாதமும், ஊழின் நுட்பமும் அவனுக்கு இல்லை. ‘வெறும் வெட்டுக்குத்து’ என்ற நம் குற்றச்சாட்டு அவனளவில் உண்மையாகிவிடும். ஆனால் அது விளையாட்டின் குற்றமா, அவன் கையில் மொழியைக் கொடாத நம் குற்றமா? ஒரே பொருள் ஒருவனுக்குக் காப்பியமாகவும் மற்றொருவனுக்குச் சூதாகவும் ஆவதற்கு நடுவே நிற்பது எழுத்தறிவே.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இத்தகைய படைப்புகளைத் தமிழாக்கம் செய்ய இளைஞர் முன்வருதல். உருசிய நாவல்களையும் வங்க நாவல்களையும் மொழிபெயர்த்த மொழி இது, இதற்கும் இயலும். மற்றொன்று, நாமே படைத்தல். கிளைவிட்டுச் செல்லும் கதைகளை எழுதுவதற்கு ‘டுவைன்’ என்றோர் இலவச மென்பொருள் 2009 முதல் உண்டு. நிரலாக்கம் கற்காதவரும் அதனைக் கையாளலாம். தமிழெழுத்தை அது ஏற்கும். எழுதி முடித்த கதையைச் சாதாரணக் கைப்பேசியிலும் வாசிக்கலாம். ஓவியமும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. சொல்வளமும் கதையுணர்வும் போதும். அவை தமிழ்ப்பாட வேளைக்கு உரியன அல்லவா?

பொருளுக்கும் பஞ்சமில்லை. மன்னாரிலிருந்து நமுனுகுலை அடிவாரம்வரை நடந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. நோயுற்ற தாயை வழியிலுள்ள மடத்தில் விட்டுச் செல்வதா, கூட்டத்தைப் பிரிந்து தங்குவதா? கங்காணி தரும் முன்பணத்தைப் பெறுவதா, மறுப்பதா? 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதா, இங்கேயே நிற்பதா? இவை புனைந்த தேர்வுகள் அல்ல. இரத்தமும் சதையுமான மாந்தர் முன் நின்ற தேர்வுகள். எத்தேர்வை மேற்கொள்ளினும் 1948 ஆம் ஆண்டு வந்தே தீரும். தேர்வும் ஊழும் ஒருங்கு நிற்கும் அக்கதையை எழுதப் புகும் மாணவன், முதற்கண் தன் பாட்டியிடம் சென்று கேட்கவேண்டியவனாவான். கேட்டற்குரிய பாட்டிமார் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

நிறைவாக

இரு தட்டிலும் இட்டு நோக்கின், இவ்விளையாட்டின் குணத்தட்டே தாழ்கின்றது. பெயர்ப்பெருக்கும், போர்நெரிசலும், இடைச்செருகலும் உள்ளவைதாம். எனினும் சொல்லை மதித்து, நாவை எடையிட்டு, கொலைக்குக் கூலி மறுத்து, மாற்றவியலாததையும் மாற்றத்தக்கதையும் பிரித்துக்காட்டிய ஒரு படைப்பை இலக்கிய அவையின் வாயிலில் நிறுத்திவைத்தல் தகாது. அதே வேளை, காமன் கூத்து தருவதொன்றை இது தரவில்லை என்பதும் நினைவிற்குரியது. கூத்தில் வேடம் புனைபவன் ஒருவன். ஆனால் விரதங் காப்போரும், பந்தமேந்துவோரும், மதன் எரியும்போது உடனழுவோரும் தோட்டத்தார் அனைவரும். கணினியின் முன் அமர்ந்தவனோடு அழுவார் இலர்.

பள்ளித் தமிழ் மன்றங்கள் இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கலாம். ஒரு மாணவன் எழுதிய கிளைக்கதையை வகுப்பே கூடி வாசிக்கட்டும். ஒவ்வொரு கவர்வழியிலும் நின்று, எது செய்யத்தக்கது எனத் தமிழில் வாதிடட்டும். பெரும்பான்மை துணிந்த வழியே கதை செல்லட்டும். மேசையைச் சுற்றித் தொடங்கிய ஆட்டம் மீண்டும் மனிதர் நடுவே வந்து சேரும். நடந்து வந்தோரின் வழியும் பேரர் நாவில் ஒருமுறை திரும்ப நடக்கப்படும்.